பதினொன்று நாற்பதுக்கு வருகிற வரி

போட்டாயிற்று. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று குமுதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கு அடியில் கிடந்த பலகையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இரண்டு. சர்வர் அறை என்று இப்போது பெயரே தவிர இது முன்னே ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கு. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அடுக்கியிருந்த சிமெண்ட் அலமாரிகளில் இன்றைக்குக் கம்ப்யூட்டர்கள் முனகிக்கொண்டிருக்கின்றன, ஏசியை அரை மணி நேரம் நிறுத்தினால் போதும், பழைய சலவைச் சோடா வாசனை சுவருக்குள்ளிருந்து கிளம்பி வந்துவிடும். அவளுக்கு அந்த வாசனை பிடிக்கும், அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வெளியே பாளையங்கோட்டை வெயில் தாரை உருக்குகிறது, உள்ளே அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நாற்பத்தாறு வயதில் இதைவிட என்ன சுகம் வேண்டும், டப்பாவில் எலுமிச்சைச் சோறும் கூழ்வத்தலும் இருக்கிறது, வியாழக்கிழமை வீட்டுக்காரர் கல்யாணசுந்தரத்தின் சமையல் நாள், மனுஷன் உப்பை மட்டும் மறக்காமல் இருந்திருந்தால் இன்றைய நாளில் குறை என்று ஒன்றும் இருக்காது. பன்னிரண்டு மணி வரை லேப் சர்வீஸ் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். ரத்தம் பார்க்கிற மெஷின்களிலிருந்து ரிப்போர்ட்டை வாங்கி மாடிக்கு மாடி வார்டுத் திரையில் காட்டுகிற சர்வீஸ் அது, அதற்குத்தான் பதினொரு மணிக்கு அவள் காவல் போட்டிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நின்றாலும் கழற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று பெரிய டாக்டர் சிவசைலம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார், அவளும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

காவல் என்பது அவள் வைத்த பெயர். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அதற்கு வேறு பெயர், பயிற்சி கொடுத்தவர்கள் பாலிசி என்றார்கள், மூன்று வாரமா ராப்பகலா பாலிசி எழுதுதேன் என்று வீட்டில் சொன்னபோது கல்யாணசுந்தரம் இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டு எனக்கா உனக்கா என்று கேட்டார். சங்கதி பெரிதாக ஒன்றும் இல்லை. சர்வரில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு சீட்டு, அதில் கிடக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சீட்டு, எந்தச் சீட்டுக்காரன் எந்தச் சீட்டைத் தொடலாம் என்று ஒரு பட்டியல். பட்டியலில் எழுதாதது கிடையாது, கெஞ்சினாலும் கிடையாது, நான் யார் தெரியுமா என்று மார்தட்டினாலும் கிடையாது. லேப் சர்வீஸ் இன்றைய ரிப்போர்ட்டுகள் கிடக்கிற ஃபோல்டரைப் படிக்கலாம், வார்டுத் திரைக்கு அனுப்பலாம், தீர்ந்தது அதன் ராஜ்ஜியம். நேற்றையதும் போன வருஷத்தையதும் மாதவாரியாக அடுக்கிக் கிடக்கிற பழைய ஃபோல்டர்களின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது, பழையது வேண்டுமென்கிற டாக்டருக்கு ரெக்கார்டு செக்‌ஷன் இருக்கிறது, அங்கே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். அனுமதி கேட்டுக் கொடுத்த தாளில் இதைத் தமிழில் கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்று எழுதியிருந்தாள். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டார். கட்டாயம்னா யாருக்கும்மா கட்டாயம் என்றார். எல்லாருக்கும் சார், எனக்கும்தான் என்று சொன்னாள், சொல்லும்போது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது, எனக்கும்தான் என்று சொல்கிறவளை யார் சந்தேகப்படுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், போட்ட பிறகுதான் அந்த ஒரே ஒரு தடவை நிபந்தனையைச் சொன்னார், மனுஷர் அந்த விஷயத்தில் கெட்டிக்காரர்.

அவர்மேல் தப்பு இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ரெண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த சூட்டில், கையில் பிரம்பு கிடைத்த புது வாத்தியார் மாதிரி, வந்ததும் வராததுமாக இதே காவலைப் போட்டவள் அவள்தானே. இந்தக் காவலுக்கு ரெண்டு நிலை உண்டு, ஒன்றுக்குக் கண் மட்டும், இன்னொன்றுக்குக் கையும் உண்டு என்று அவள் மனசுக்குள் வைத்திருக்கிறாள். கண் நிலையில் யாரையும் தடுக்காது, இன்னான் இன்ன இடத்துக்குப் போனான், கை இருந்தால் தடுத்திருப்பேன் என்று ஒரு வரி எழுதி வைக்கும், அவ்வளவுதான்; கை நிலையில் பிடரியில் கை வைத்துத் தள்ளிவிடும். முதலில் ரெண்டு மூன்று வாரம் கண்ணை மட்டும் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும், எழுதுகிற வரிகளை எல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கை. அன்றைக்கு அவள் கண்ணையும் பார்க்கவில்லை, மூக்கையும் பார்க்கவில்லை, நேரே கையைப் போட்டாள். அரை மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டரின் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது. லேப் சர்வீஸ் நின்றுவிட்டது, உடனே கவனிக்கவும். அவர் அதை வாசித்துக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்து இந்த வாசலில் நின்ற நிற்பு, தலையில் ஆபரேஷன் தொப்பி, முகம் முழுக்க வேர்வை, ஐசியூவில் ஒருத்தருக்குப் பொட்டாசியம் ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன், நீ இங்க என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க என்று கேட்ட குரல். ஒரே வரி, காவலை முழுசாக அணைத்துவிட்டாள். அஞ்சாவது நிமிஷம் சர்வீஸ் சரியாகிவிட்டது என்று அடுத்த மெசேஜ் வந்தது, பாத்தியா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போனார், பிறகு நாலு வருஷம் அந்தக் காவல் அணைந்தே கிடந்தது. அந்தப் பாத்தியா இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது, சில நாள் குக்கர் விசில் மூன்றாவது தடவை அடிக்கும்போதுகூட வரும், என்ன சம்பந்தம் என்று அவளுக்கும் தெரியாது.

பதினொன்று பன்னிரண்டு. திரையில் பச்சை வரிகள் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தன. மூன்றாம் மாடி, டயாலிசிஸ், ஐசியூ, பிரசவ வார்டு, எல்லாருக்கும் போகிறது, ஒன்றும் மறுக்கப்படவில்லை, அவள் கூழ்வத்தல் ஒன்றை எடுத்துக் கடித்தாள், நமுத்துப்போயிருந்தது, ஏசிக்காற்று. அணைந்து கிடந்த நாலு வருஷமும் சும்மா போயிருந்தால் அவளும் இதை மறந்திருப்பாள். சும்மா போகவில்லை. லேப் சர்வீஸை எழுதிக்கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை, அதில் ஒரு ஓட்டை, வார்டுத் திரையில் தெரிகிற பக்கத்தின் முகவரியில் கடைசியில் இருக்கிற நம்பரை மாற்றிப் போட்டால் யாருடைய ரிப்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்துவிடும், இன்றையது பழையது என்கிற கணக்கே கிடையாது, கேட்டது யார் என்றும் எழுதி வைக்காது. போன வருஷம் யாரோ அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாம் மாடி நர்ஸ் ஜெபமணிக்கு வேலையில் கை தவறி நோயாளியின் ஊசி குத்தி, அதில் மஞ்சள் காமாலைக் கிருமி ஏறியிருந்தது. ரகசியமாக ட்ரீட்மெண்ட் எடுத்துக்கொண்டிருந்த பெண், நல்லாவும் ஆகிக்கொண்டு வந்தவள். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்வரைக்கும் தெரிந்திருக்கிறது. அவள் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். நாசரேத்தில் பேசி முடித்திருந்த கல்யாணம் பத்து நாளில் நின்றுபோனது. ஜெபமணி அழவில்லை, கத்தவில்லை, நோட்டீஸ் மாதத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, தன் டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய்விட்டாள். கடைசி நாள் இந்த வாசலுக்கும் வந்து, போய்ட்டு வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குமுதவல்லி அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். காவல் இருந்திருந்தால் அந்தப் பழைய ஃபோல்டரின் வாசலிலேயே சர்வீஸுக்கு அடி விழுந்திருக்கும். அணைத்தது யாருடைய கை என்று யாரும் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கேட்டுத்தான் ஒரு வருஷமாகப் பெரிய டாக்டரின் அறை வாசலில் நின்றாள்.

சரி, சரி, இன்றைக்கு அழுகிற நாள் இல்லை. பிடிக்கிற நாள். மூன்று வாரமாகக் கண்ணைத் திறந்து வைத்ததில் நானூற்றுச் சொச்சம் வரிகள் வந்தன, ஒவ்வொன்றாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினாள், இது நியாயமான வேலை அனுமதி, இது வீண் அலைச்சல் கூடாது, இது எதற்கென்றே தெரியவில்லை லேப் டெக்னீஷியனைக் கேட்க வேண்டும். எல்லாம் தீர்ந்த பிறகு ஒரே ஒரு வரி மிச்சம். தினமும் பதினொன்று நாற்பது, ஒரு நிமிஷம் முந்துவதில்லை, பிந்துவதில்லை, லேப் சர்வீஸ் பழைய ஃபோல்டருக்குள் ஒரே ஒரு தடவை தலையை விடுகிறது. எந்த மாசத்து ஃபோல்டர் என்பதை அந்த வரி சொல்லும், எந்த ரிப்போர்ட் என்பதைச் சொல்லாது. நாலு வருஷத்துக்கு முந்திய ஜூன் மாசம். தினமும் அதே ஜூன். முதல் தடவை பார்த்தபோது அந்த வரியை மூன்று தடவை படித்தாள், ஆக அந்தத் திருட்டுக் கண் இன்னும் இங்கேயேதான் இருக்கிறது, ஜெபமணியோடு நிற்கவில்லை, இப்போது வேறு யாரையோ தினமும் பார்த்து ரசிக்கிறது. அந்த ஜூனில் யார் யாருக்கு என்னென்ன டெஸ்ட் எடுத்தார்களோ. பில்லிங் பிரிவு ஆறுமுகநயினாரைத்தான் எல்லாரும் அரசல்புரசலாகச் சொன்னார்கள், ஜெபமணி விஷயத்தில் அவன் சிரித்த சிரிப்பை அவளே பார்த்தாள். நாலு நாள் பில்லிங் பக்கம் ஏதோ வேலை இருக்கிற மாதிரி போய் நின்றாள். பதினொன்று நாற்பதுக்கு அவன் கம்ப்யூட்டரில்தான் இருந்தான், ரெண்டு நாள் அவளைப் பார்த்ததும் திரையில் எதையோ மூடினான். போதாதா. நேற்று சாயங்காலம் ரெண்டு பக்கத்துக்குப் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் அடித்து, ஆறுமுகநயினார் பெயரை முழுசாகப் போட்டு, கையெழுத்தும் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். இன்றைக்குப் பதினொன்று நாற்பதுக்குக் காவலின் கை அவன் பிடரியில் விழும், அந்த வரியையும் கடிதத்தோடு பின் பண்ணிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதனால்தான் இந்தக் காத்திருப்புகூட அவளுக்கு இனித்தது. மணி பதினொன்று இருபத்தெட்டு. காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சாயங்காலம் போகிற வழியில் மார்க்கெட்டில் இறங்கிக் கொஞ்சம் மல்லிகைப்பூ வாங்கினால் என்ன, வயசான காலத்தில் எதற்குடி என்று கேட்க யார் இருக்கிறார்கள், கேட்டால்தான் என்ன. நாளைக்கு ஜெபமணிக்குப் போன் போட்டு, ஆளைப் பிடிச்சாச்சு ஜெபா என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் என்ன சொல்வாள், சரிக்கா என்பாள், எதற்கும் சரிக்கா என்கிற பெண். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த ரகளையில்கூட மூன்றாம் மாடியில் ட்யூட்டி அவள்தான், குமுதவல்லி பதறிப்போய் வார்டு வார்டாகப் போன் போட்டபோது எடுத்தவள் அவள்தான், என்னமோ சொன்னாளே, என்ன சொன்னாள், இவள் ஏதோ அதட்டியதும் சரிக்கா என்று வைத்துவிட்டாள். அது ஞாபகத்துக்கு வரவில்லை. மூக்கு நுனிவரை வந்த தும்மல் மாதிரி நின்றது, வரவில்லை. அப்போது மேஜைப் போன் அடித்தது, பெரிய டாக்டர், ஓபியிலிருந்து, பின்னால் குழந்தை ஒன்று வீல் வீல் என்று கத்தியது. எல்லாம் சரியா ஓடுதா என்று கேட்டார், அருமையா ஓடுது சார் என்றாள். நல்லது என்று சொல்லி வைக்கப்போனவர் வைக்கவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா, அதுக்குள்ள பெருமைப்படாத. போன தடவையும் பதினொண்ணு நாப்பதுக்குத்தான் எனக்கு மெசேஜ் வந்துச்சு, நான் மறக்கல."

வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பதினொண்ணு நாப்பதா. அரை மணி நேரம் கழித்து என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள், பதினொன்று பத்துக்குப் போட்டிருந்தால் அரை மணி நேரம் என்பது பதினொன்று நாற்பதுதான், சரிதான், ஆனால் அது வேறு பதினொன்று நாற்பது, இது வேறு பதினொன்று நாற்பது, அது நாலு வருஷத்துக்கு முந்தியது, ஆறுமுகநயினார் அப்போது இந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. கிடையாது. அவன் வந்து ரெண்டரை வருஷம்தான் ஆகிறது. அப்படியானால் அன்றைக்கு என்ன ஆனது. சர்வீஸ் நின்றது. நின்றது என்று யார் சொன்னது. பெரிய டாக்டர். அவருக்கு யார் சொன்னது. மெசேஜ். மெசேஜை யார் அனுப்பியது. லேப் சர்வீஸ் நின்றுவிட்டது, உடனே கவனிக்கவும். பெரிய டாக்டருக்குத் தமிழில் வந்தால்தான் பிடிக்கும் என்று அந்த வாக்கியத்தை எழுதியது அவளேதான், கவனிக்கவுமா கவனியுங்களா என்று கல்யாணசுந்தரத்திடம்கூடக் கேட்டாள். சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்று தினமும் ஒரு தடவை தட்டிப் பார்க்கிற ஒரு சின்ன புரோகிராம், அவள் எழுதியது, பதில் வந்தால் வாயைத் திறக்காது, வராவிட்டால் மட்டும் பெரிய டாக்டருக்கு மெசேஜ் போடும், பிறகு பதில் வந்து சரியாகிவிட்டது என்று சொல்கிறவரை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே இருக்கும். காலை ரிப்போர்ட்டுகள் குவிகிற நேரம் என்று அதற்கு ஒரு நேரம் வைத்தாள். என்ன நேரம் வைத்தாள். அவள் உள்ளங்கால் ரெண்டும் குளிர்ந்துபோய்விட்டன, பலகையிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள், தரை அதைவிடக் குளிர்ச்சி.

நாலு வருஷமாகத் திறக்காத ஃபைல். அவளுடைய எழுத்துத்தான், அவளுடைய கோணல் இடைவெளிகள்தான். தினமும் பதினொன்று நாற்பதுக்கு லேப் சர்வீஸிடம் ஒரு ரிப்போர்ட்டைக் கேள், கொடுத்தால் உயிரோடு இருக்கிறது. எந்த ரிப்போர்ட். ஒரு நம்பர், அப்பட்டமாக, பதினொரு இலக்கம், ஜூன் பதினாறு என்று ஆரம்பித்தது. அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னாள். அந்தப் பதினாறாம் தேதி காலையில் வெறும் வயிற்றோடு லேபில் கை நீட்டிவிட்டு, பஞ்சை அமுக்கிக்கொண்டே வந்து இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள், கையில் சாம்பிள் சீட்டு இருந்தது, சோதனைக்கு ஏதாவது ஒரு நம்பர் வேண்டியிருந்தது, சீட்டைப் பார்த்து அப்படியே அடித்தாள். அவளுடைய தைராய்டு. அன்றைக்கு அது அன்றைய ரிப்போர்ட். மறுநாள் அது பழைய ஃபோல்டருக்குப் போய்விட்டது, சர்வீஸும் யார் தடுப்பது என்று பின்னாலேயே போய் எடுத்துக்கொடுத்தது, அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் பதினொன்று நாற்பதுக்கு அவளுடைய தைராய்டு ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் திருட்டுக் கண் அவளுடையதுதான். மூன்று வாரமாக வலை விரித்துக் காத்திருந்தது தன்னைப் பிடிக்கத்தான். சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, மூக்கு நுனியில் நின்ற அந்தத் தும்மல். வருதேக்கா, இப்பக்கூட ஒண்ணு வந்துச்சு. ஜெபமணி அன்றைக்குப் போனில் அதைத்தான் சொன்னாள். இவள் என்ன சொன்னாள், அது பழசா இருக்கும், ஒழுங்காப் பாருளா, பெரிய டாக்டர் இங்க நிக்காரு என்று அதட்டினாள். சரிக்கா. சர்வீஸ் நிற்கவே இல்லை. ஐசியூவுக்குப் பொட்டாசியம் போய்க்கொண்டுதான் இருந்தது. காவல் அன்றைக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தடுத்திருக்கிறது, அந்த ஆள் குமுதவல்லி, அவள் போட்ட கூப்பாட்டில் அவளே பயந்து காவலை அணைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டைத் திறந்து கிடந்த வாசலில் வைத்துவிட்டாள். ஏசி காற்று முகத்தில் அடித்தது, கண் எரிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை, நேரமில்லை.

பதினொன்று முப்பத்தாறு. நாலு நிமிஷத்தில் சர்வீஸ் அந்த ஜூன் வாசலுக்குப் போகும், அடி வாங்கும், பெரிய டாக்டரின் பையில் போன் நடுங்கும், ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் உட்கார்ந்து விளக்கம் சொன்னால் யார் கேட்பார்கள், பாத்தியா என்பார், முடிந்தது. விரல் அதுபாட்டுக்குப் போய் சுலப வழியில்தான் முதலில் நின்றது. மறுத்த வரியைக் கொடுத்தால் அதற்கு அனுமதி எழுதிக்கொடுத்துவிடுகிற கருவி ஒன்று இருக்கிறது, ஒரு நொடி வேலை, லேப் சர்வீஸ் பழைய ஃபோல்டரைப் படிக்கலாம் என்று பட்டியலில் ஒரு வரி சேர்ந்துவிடும், மெசேஜ் வராது, பெரிய டாக்டர் சந்தோஷம், அவளுக்கும் நல்ல பெயர், காவலும் இருக்கும், ஓட்டையும் இருக்கும். எத்தனை பேர் அப்படித்தான் செய்கிறார்கள். விரல் நின்றது. கட்டாயம்னா யாருக்கும்மா. எனக்கும்தான் சார். வாய் இருந்ததே அன்றைக்கு, இப்போது எங்கே போயிற்று அந்த வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்தக் கருவியை மூடினாள். பட்டியலைத் தொடவில்லை. தன் பழைய ஃபைலைத் திறந்து, தைராய்டு நம்பரை அழித்துவிட்டு, இன்றைய ஃபோல்டரில் கடைசியாக வந்த ரிப்போர்ட் எதுவோ அதைக் கேள் என்று எழுதினாள். ஒரு தடவை அடைப்புக்குறியை விட்டுவிட்டாள், கம்ப்யூட்டர் திட்டியது, சேர்த்தாள். சேமிக்கும்போது முப்பத்தொன்பது ஆகிவிட்டது. ஆத்தா, ஒழுங்கா இருந்துரு என்று சர்வரைப் பார்த்துத்தான் சொன்னாள், வேறு யாரைச் சொல்ல.

நாற்பது. பச்சை வரிகள் நகர்ந்தன. நாற்பத்தொன்று. போன் அடிக்கவில்லை, மெசேஜ் வரவில்லை, மாடிப்படியில் யாரும் ஓடி வரவில்லை, மூன்று வாரமாக இந்த நேரத்துக்குத் தவறாமல் வந்த அந்த ஒற்றை வரி வரவில்லை. மூன்றாம் மாடிக்குப் போன் போட்டு ரிப்போர்ட் வருகிறதா என்று கேட்டாள், புதுப்பெண், வருது மேடம் என்றாள், இந்தத் தடவை குமுதவல்லி அதட்டவில்லை, நீ சொன்னா சரிம்மா என்று வைத்தாள். ஆசைக்கு ஒரு தடவை திரையின் முகவரியில் தன் தைராய்டு நம்பரைத் தன் கையாலேயே அடித்துப் பார்த்தாள். காவல் கை வைத்துத் தள்ளியது, பதிவிலும் மறுக்கப்பட்டது என்று ஒரு வரி விழுந்தது, இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு மறுப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். ஆறுமுகநயினார் அன்றைக்கு ஜெபமணி ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம், சிரித்தது சிரித்ததுதான், அவள் அதை மறக்கப்போவதில்லை. ஆனால் இந்த வரி அவனுடையது இல்லை, அவன் மூடியது ஏதாவது கிரிக்கெட்டாக இருக்கும். நாலாகக் கிழித்து டப்பா மூடிக்கு அடியில் வைத்தாள். பெரிய டாக்டருக்கு வேறு கடிதம் எழுத வேண்டும், அதில் போட வேண்டிய பெயர் தன்னுடையது, பன்னிரண்டு அடிக்கட்டும், எழுதுவோம். அதற்கு முன்னால் இன்னொன்று. நாளைக்கு என்று வைத்திருந்த போனை இன்றைக்கே போட்டாள். மணி அடித்தது, ஜெபமணி எடுத்தாள், கிளினிக்கில் யாருக்கோ எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லிக்கொண்டே, சொல்லுங்கக்கா என்றாள், அதே குரல், இப்போது கொஞ்சம் தடித்திருந்தது, நல்லாத்தான் இருக்கிறாள்.

"ஜெபா, நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், சர்வீஸ் நின்னுட்டுன்னு நான் போன் போட்டேன்லா, நீ வருதேக்கான்னு சொன்ன. வந்துக்கிட்டுதான்ளா இருந்துச்சு. நின்னே போகல. நான்தான் காதுல வாங்கல. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

அந்தப் பக்கம் மாத்திரை அட்டை நசுங்குகிற சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியுமேக்கா," என்றாள். "நான் அதைப் பாத்துக்கிட்டே நின்னுதானே உங்ககிட்டச் சொன்னேன்."